எள்ளு, இறால் ஓடு, கருக்கு மட்டை: பூஞ்சைக்குப் போட்ட தூண்டில்கள்

மிளகாய் நாற்று தூரோடு அழுகிச் சாய்கிறது. ஊருணி மீனின் முதுகில் பஞ்சு ஒட்டியது போல ஏதோ படர்கிறது. அடைமழை நாளில் பனை மட்டையில் மஞ்சள் கூழ் வழிகிறது. கருவாட்டில் காப்பித்தூள் தூவியது மாதிரி பழுப்புப் புள்ளி. இராமநாதபுரம் கரையோரத்தில் இவை எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்: பூசணம். இவற்றில் கருவாட்டுப் புள்ளிதான் அசல் பூஞ்சை. மீன் மேல் படரும் பஞ்சும், நாற்றழுகலுக்குப் பெரும்பாலும் காரணமான பித்தியமும் ஊமைசீட் எனப்படும் நீர்ப்பூஞ்சைகள். பெயரில் பூஞ்சை இருந்தாலும் உறவுமுறையில் அவை கரையில் ஒதுங்கும் கட்டக்கோரைப் பாசிக்குப் பங்காளி. மஞ்சள் கூழ் சளிப்பூஞ்சை. அது அமீபா வீட்டுப் பிள்ளை. அசல் பூஞ்சைக்கு நெருங்கிய சொந்தம் விலங்குகள்தான்.

இது ஏட்டோடு நிற்கிற பாகுபாடு கிடையாது. நாற்றங்காலில் பித்தியம் விழுந்திருக்கும்போது கார்பென்டாசிம் ஊற்றினால் பணம்தான் கரையும். அந்த மருந்து பூஞ்சையின் செல் பிரியவிடாமல் தடுப்பது. ஊமைசீட்டின் புரதத்தில் அது சரியாக ஒட்டுவதே இல்லை. மெட்டலாக்சில் இதற்கு நேர் எதிர்: ஊமைசீட்டை அடக்கும், அசல் பூஞ்சையைத் தொடாது. ஆகவே எது எது என்று தெரிந்தாக வேண்டும். வெறும் கண்ணுக்கு எல்லாம் பஞ்சாகத்தான் தெரியும். வளர்த்து, அது என்ன தின்கிறது, எப்படி நகர்கிறது, அதன் வித்து (ஸ்போர்) எப்படி வெளியே வருகிறது என்று பார்த்தால்தான் பிடிபடும். ஒவ்வொன்றுக்கும் பிடித்த இரையைப் போட்டுக் காத்திருப்பதுதான் இந்தச் செய்முறை முழுவதும்.

தேவையானவை

மாணவர் மைக்ரோஸ்கோப் ஒன்று. 10, 40 லென்ஸ்கள் போதும். கண்வில்லையில் 18 என்று எண் இருந்தால் 10 லென்ஸில் தெரியும் வட்டத்தின் குறுக்களவு 1.8 மில்லிமீட்டர், 40 லென்ஸில் 0.45 மில்லிமீட்டர். அளவுகோல் கண்ணாடி வாங்காமலே இதை வைத்து இழையின் தடிமனைக் கணித்துவிடலாம். ஸ்லைடு, கவர் ஸ்லிப், சவர பிளேடு, ஊசி, வாஸ்லின், மூடியுள்ள கண்ணாடிக் கிண்ணம் பத்து. ஐந்து லிட்டர் பிரஷர் குக்கர். இன்க்கும் வினிகரும்: 5 சதவீத வினிகர் 95 மில்லியில் பேனா மை 5 மில்லி. செல்சுவருக்குச் சாயம் ஏற்ற இது போதும். ஆனால் நீந்தும் வித்தைப் பார்த்து முடித்த பிறகே சாயம். வினிகர் பட்டால் எல்லாம் அந்த நொடியே செத்துவிடும்.

பூஞ்சை வளர்க்கும் தட்டில் ஊற்றி உறையவைக்கும் அகாருக்கு இந்தக் கரைக்காரர்கள் வெகுதூரம் போக வேண்டியதில்லை. மன்னார் வளைகுடாவில் பெண்கள் மூழ்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும்தான் அகாரின் மூலப்பொருள். மரிக்கொழுந்தில் கிடைப்பது கெட்டியாக உறையும், ஆய்வகத் தரம். கஞ்சிப்பாசி அகார் இளகலானது, பெரும்பாலும் சாப்பாட்டுக்குப் போகிறது. கீழக்கரைக் கடைகளில் நோன்பு மாதத்தில் இனிப்புக்கென்று விற்கும் கடல்பாசி இழையையே பயன்படுத்தலாம். ஆய்வக அகார் லிட்டருக்கு 15 கிராம் போடும் இடத்தில் இதை 20 முதல் 25 கிராம் போட வேண்டும். அரைகுறையாக உறைந்த தட்டில் ஊசி வைத்தால் கிழிந்துவிடும். அதனால் முதலில் 100 மில்லி மட்டும் காய்ச்சி உறைகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் தூண்டில்: ஊருணித் தண்ணீரில் எள்ளு

கரையோரமாக, இலையும் சுள்ளியும் ஊறிக் கிடக்கிற இடத்தில், இரண்டு மூன்று அங்குல ஆழத்தில் தண்ணீர் எடுக்க வேண்டும். நடு ஊருணித் தண்ணீர் பார்க்கத் தெளிவாக இருக்கும், வேலைக்கு ஆகாது. கூடவே அடிமண் ஒரு தேக்கரண்டி. கண்மாய் வறண்டு வெடித்துக் கிடக்கிற மாதங்களிலும் இந்த வேலை நடக்கும். நீர்ப்பூஞ்சையின் தடித்த சுவருள்ள முட்டை வித்துகள் காய்ந்த மண்ணில் உயிரோடு கிடக்கும். அந்த மண் ஒரு தேக்கரண்டியில் ஆறின வெந்நீர் 25 மில்லி விட்டால் போதும்.

வறுக்காத வெள்ளை எள்ளை ஐந்து நிமிடம் கொதிக்கவைத்து, பிளேடால் பாதியாக வெட்டுங்கள். கிண்ணத்தில் ஊருணித் தண்ணீர் 10 மில்லி, அதே தண்ணீரை வடிகட்டிக் கொதிக்கவைத்து ஆறவைத்தது 15 மில்லி, எள்ளுப் பாதி மூன்று. மூன்றுக்கு மேல் வேண்டாம். பத்துப் பதினைந்து எள்ளைக் கொட்டினால் மறுநாளே பாக்டீரியா பெருகித் தண்ணீர் பால் போல் கலங்கி நாற்றமெடுக்கும். இழை வரவே வராது. குழாய்த் தண்ணீரும் கூடாது. அதிலுள்ள குளோரின் நீந்தும் வித்தைக் கொன்றுவிடும்.

வெப்பம் 22 முதல் 28 டிகிரிக்குள் இருந்தால் நல்லது. டிசம்பர், ஜனவரியில் மேசை மேலேயே வைக்கலாம். ஏப்ரல், மே மாத வெயிலில் தண்ணீர்ப் பானைக்கு அடியில் இருக்கும் ஈர மணலில் கிண்ணத்தைப் பதித்து வையுங்கள். பானை கசிந்து குளிர்ச்சி நிற்கும். இந்த ஒரு மாற்றத்தில் கோடையிலும் வேலை ஓடும்.

18 முதல் 24 மணி நேரத்தில் எள்ளின் விளிம்பில் வெள்ளை ரோமம் தெரியும். 48 மணியில் எள்ளைச் சுற்றி ஒளிவட்டம் போல இழை நாலாபக்கமும் விறைத்து நிற்கும். இப்போது கிண்ணத்தை மாற்ற வேண்டும். எள்ளை ஊசியால் தூக்கி, கொதித்து ஆறிய புதுத் தண்ணீரில் மூன்று முறை அலசி, புதுக் கிண்ணத்தில் விடுங்கள். இந்த அலசல் அழுக்கு போவதற்காக மட்டும் இல்லை. சாப்பாடு திடீரென்று குறைந்ததும் இழை "இனி இடம் மாற வேண்டும்" என்ற நிலைக்கு வந்து வித்துப்பை கட்ட ஆரம்பிக்கும். அலசாமல் விட்டால் நாட்கணக்கில் இழை வளர்ந்துகொண்டே இருக்கும், வித்து வராது. செய்முறை தோற்றது என்று கொட்டிவிடுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள்.

அலசி ஆறு முதல் பத்து மணி நேரம் கழித்து, இழைநுனி நாலைந்தை வெட்டி ஸ்லைடில் வைத்து, கவர் ஸ்லிப்பின் விளிம்பில் வாஸ்லின் தடவி மூடுங்கள். இல்லையென்றால் விளக்குச் சூட்டில் பத்தே நிமிடத்தில் சொட்டு வற்றிவிடும். 10 லென்ஸில் நுனி மட்டும் சாம்பல் நிறமாக, முருங்கைக்காய்த் துண்டு போல உருண்டு நீண்டிருக்கும். அதற்கு அடியில் ஒரு குறுக்குச் சுவர். இழையில் வேறெங்கும் குறுக்குச் சுவர் இராது. உள்ளே இருக்கும் சாறு முதலில் சீராகத் தெரியும், பிறகு கோடு கோடாகப் பிரிந்து, கற்கண்டு போல் பல முகங்களுள்ள துண்டுகளாகும். அந்தத் துண்டுகள் நெளிய ஆரம்பித்ததும் கண்ணை எடுக்காதீர்கள். நுனியில் சிறு காம்பு போல் ஒன்று திறக்கும். சந்தைக்குள்ளிருந்து கூட்டம் முண்டியடித்து வெளியேறுவது போல ஒரு சில நிமிடங்களில் பை காலியாகிவிடும்.

வெளியே வந்த வித்து என்ன செய்கிறது என்பதில்தான் பெயர் இருக்கிறது. எல்லாம் நீந்திப் போய்விட்டால் சாப்ரோலெக்னியா. வாசலிலேயே திரண்டு உள்ளீடற்ற பந்து போல் நின்றுவிட்டால் அக்லியா. நம் வெப்பத்தில் அதிகம் மாட்டுவது இதுதான். வெளியே வராமல் பைக்குள்ளேயே தனித்தனியாக உறைகட்டி, அவரவர் துளைபோட்டு வெளியேறி, காலிப் பை வலைபோல் கிடந்தால் டிக்டியூக்கஸ். பழைய பைக்குள்ளேயே புதுப் பை முளைத்தால் சாப்ரோலெக்னியா என்பதற்கு இன்னொரு சான்று; அக்லியாவில் பக்கவாட்டில் முளைக்கும். இழை மிக மெலிசாக, 5 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வாக்கில் இருந்து, பையிலிருந்து மெல்லிய குமிழி ஒன்று வெளியே ஊதி, அந்தக் குமிழிக்குள் வித்துகள் உருவாகிப் பின் அது உடைந்தால் பித்தியம். நாற்றழுகல்காரன் அவன்தான். சாய்ந்த மிளகாய் நாற்றின் தண்டில் ஒரு சென்டிமீட்டர் துண்டு வெட்டி, அலசி, எள்ளுக்குப் பதிலாக அதையே இப்படித் தண்ணீரில் வைத்தாலும் இந்தக் குமிழியைப் பார்க்கலாம். வராமல், சீராகக் குறுக்குச் சுவருள்ள பழுப்பு இழை செங்கோணத்தில் கிளைத்திருந்தால் அது ரைசோக்டோனியா, அசல் பூஞ்சை. இரண்டுக்கும் மருந்து வேறு.

நீந்தும் வித்தின் மேல் அயோடின் கரைசல் ஒரு சிறு சொட்டை ஓரத்திலிருந்து விட்டு, மைக்ரோஸ்கோப்பின் கீழ்த்துளையைச் சுருக்கினால், நிதானமாகத் தேடுகிறவர்களுக்குக் கசையிழை, அதாவது நீந்தும் வால், இரண்டு தெரியும். இரண்டு என்பதுதான் முக்கியம்.

குறுக்குச் சுவர் இல்லை என்பதை மட்டும் வைத்து ஊமைசீட் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. ரொட்டியில் வரும் ரைசோபஸிலும் குறுக்குச் சுவர் கிடையாது, அது அசல் பூஞ்சை. எள்ளு தண்ணீருக்கு மேலே மிதந்தால் வெளியே நிற்கும் பாகத்தில் இதுவேதான் சாம்பல் பஞ்சாக ஏறும், தலையில் கறுப்புப் புள்ளியோடு. எள்ளை முக்கி வையுங்கள். காற்றில் நிற்கிற பஞ்சை விட்டுவிட்டு, தண்ணீருக்குள் இருக்கிற பஞ்சை மட்டும் எடுங்கள்.

கடலோரத்துக்கே உரிய ஒரு சோதனை: வடிகட்டிக் காய்ச்சிய ஊருணித் தண்ணீரில் லிட்டருக்கு 0, 5, 10, 20 கிராம் கல்லுப்பு கரைத்து நாலு கிண்ணம் வைத்து, வளர்ந்த எள்ளை ஒவ்வொன்றிலும் விடுங்கள். உப்பு ஏற ஏற முதலில் நிற்பது வித்துப்பை; இழை அதற்குப் பிறகும் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். மீன் வளர்ப்பவர்கள் பஞ்சு படர்ந்த நன்னீர் மீனை உப்புத் தண்ணீரில் சற்று நேரம் விட்டு எடுப்பதன் காரணம் இந்தக் கிண்ணங்களில் கண்ணுக்கு முன்னால் தெரியும். 1988-ல் இந்தியாவுக்குள் வந்து குளத்து விரால்களைப் புண்ணாக்கிக் கொன்ற நோய்க்குக் காரணமான அஃபனோமைசிஸும் இதே ஊமைசீட் கூட்டம்தான்.

இறால் ஓட்டில் விழுகிற ஒற்றை வால்

அசல் பூஞ்சைகளிலும் நீந்தத் தெரிந்த ஒரு பழைய கிளை உண்டு: கைட்ரிட். அதன் வித்துக்கு வால் ஒன்றே ஒன்று, பின்பக்கத்தில், நம் விந்தணுவுக்கு இருப்பது போல. பூஞ்சையும் விலங்கும் ஒரு கொடியில் கிளைத்தவை என்பதற்கு இதைவிடக் கண்கூடான தடயம் வீட்டு மைக்ரோஸ்கோப்பில் கிடைக்காது.

கைட்ரிட்டுக்குப் பிடித்த இரை கைட்டின். பூஞ்சையின் சுவரும் கைட்டின், இறால் ஓடும் கைட்டின். சமையலில் கழித்த ஓட்டை அப்படியே போட்டால் ஒட்டியிருக்கும் சதையில் பாக்டீரியா பெருகி நாறும். சுத்தம் செய்யும் முறை: ஓட்டை வினிகரில் 24 மணி நேரம் ஊறவைத்து, குமிழி வருவது நிற்கும்வரை வினிகரை மாற்றுங்கள், சுண்ணாம்பு போய்விடும். பிறகு 100 மில்லி தண்ணீரில் 5 கிராம் காஸ்டிக் சோடா கரைத்து, சிறு தீயில் அரை மணி நேரம். இதற்கு எவர்சில்வர் பாத்திரம்தான். அலுமினியச் சட்டியில் காஸ்டிக் பட்டால் சட்டியையே அரித்து வாயு பொங்கும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். கடைசியில் வழவழப்புப் போகும்வரை நாலைந்து முறை தண்ணீரில் கொதிக்கவைத்து வடித்தால், கண்ணாடித்தாள் போலத் தெளிவான சவ்வு மிஞ்சும். அதை 5 மில்லிமீட்டர் துண்டாக்கி உலர்த்தி வைத்துக்கொண்டால் மாதக்கணக்கில் வரும்.

பனங்காட்டு மண்ணோ ஊருணிக் கரை மண்ணோ ஒரு தேக்கரண்டி, ஆறின வெந்நீர் 30 மில்லி, சவ்வு நாலு துண்டு. கூடவே வேகவைத்த வெங்காயத் தோல், ஒரு நரைமுடி. கறுப்பு முடியில் எது வளர்ந்தாலும் தெரியாது. நரைமுடியில் ஒளி ஊடுருவும். செலோஃபேன் தாள் போடச் சொல்லிப் பழைய கையேடுகளில் இருக்கும். இப்போது மிட்டாய் சுற்றி வருவது பெரும்பாலும் பிளாஸ்டிக், அதில் செல்லுலோஸ் கிடையாது. எத்தனை நாள் கிடந்தாலும் ஒன்றும் ஒட்டாது. நெருப்பில் காட்டினால் காகிதம் போல் எரிவதுதான் அசல் செலோஃபேன், உருகிச் சொட்டுவது பிளாஸ்டிக்.

ஐந்து முதல் பத்து நாளில் சவ்வை எடுத்து 40 லென்ஸில் பாருங்கள். 20 முதல் 50 மைக்ரான் உருண்டை, அடியில் வேர்போல் கிளைக்கும் மெல்லிய இழைகள். நீண்ட இழை கிடையாது. ஒரு உடம்பே ஒரு பை. புதுத் தண்ணீர் சொட்டுவிட்டு அரைமணி, ஒருமணி பொறுத்தால் பையின் வாய் திறந்து 3 முதல் 5 மைக்ரான் வித்துகள் வரும். ஒவ்வொன்றிலும் பளபளக்கும் எண்ணெய்ச் சொட்டு ஒன்று. ஊமைசீட் வித்து வழுக்கிக்கொண்டு போகும். இது வெட்டி வெட்டி, திடீர்த் திருப்பத்தோடு ஓடும். ஒரே நாளில் இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தவர்களுக்குப் பிறகு அந்த நடையே அடையாளம்.

வெறும் உருண்டையைப் பார்த்து ஏமாறவும் வாய்ப்பு அதிகம்: காற்றுக்குமிழி, மகரந்தம், ஒற்றைச்செல் உயிர்களின் உறை. வேரிழை தெரியாமல் கைட்ரிட் என்று எழுதாதீர்கள். கரையோர இறால் பண்ணைகளில் வளர்ச்சியைக் குன்றவைக்கும் ஈ.எச்.பி. என்ற ஒட்டுண்ணியும் பூஞ்சைக் குடும்பத்தை ஒட்டிய மைக்ரோஸ்போரிடியா வகையே. அது வாலையும் இழந்து, இறாலின் செல்லுக்குள்ளேயே குடியிருப்பது. எந்தத் தூண்டிலிலும் விழாது.

கண்டல் இலையும் கடல்நுரையும்

காரங்காடு அலையாத்திக் காட்டில் வெண்கண்டல் அதிகம். வனத்துறையிடம் அனுமதி கேட்டு, தானாக விழுந்து சேற்றில் மஞ்சளும் பழுப்புமாகக் கிடக்கும் இலைகளை மட்டும் எடுங்கள், கையளவு போதும். மன்னார் வளைகுடாத் தீவுகள் தேசியப் பூங்கா எல்லைக்குள் வருவதால் அந்தப் பக்கம் சேகரிப்பே வேண்டாம்.

கடல்நீரை இரண்டு மடிப்புப் பருத்தித் துணியிலும் பிறகு பஞ்சிலும் வடிகட்டி, குக்கரில் வேகவைக்க வேண்டும். ஆறிய பிறகு அடியில் வெண்படிவு தெரியும். கிருமி புகுந்துவிட்டதோ என்று கொட்டிவிடாதீர்கள். கால்சியமும் மக்னீசியமும் சூட்டில் பிரிந்தது. தெளிவை மட்டும் மேலாக ஊற்றிக்கொள்ளலாம். அந்த நீர் 25 மில்லியில் அலசிய இலைத்துண்டு நாலைந்து, ஒரு சென்டிமீட்டர் அளவில். மேலே பைன் மகரந்தம், பல்குச்சி நுனியில் ஒட்டுகிற அளவு மட்டும். இணையத்தில் உணவுப்பொருளாக விற்கும் பைன் மகரந்தத்தில் "செல்சுவர் உடைத்தது" என்று போட்டிருந்தால் வாங்காதீர்கள். அது மிதக்காது, ஒட்டிக்கொள்ள முழு உருவமும் இராது.

மூன்று முதல் ஏழு நாளில் மகரந்தத்தின் ஓரத்தில் 5 முதல் 20 மைக்ரான் உருண்டைகள் கொத்தாக ஒட்டியிருக்கும். இவை த்ராஸ்டோகைட்ரிட். பெயரில் கைட்ரிட் இருந்தாலும் சொந்தம் ஊமைசீட்டோடுதான். மகரந்தத்துக்கே இரண்டு பக்கமும் காற்றுப்பை உண்டு, அதைப் பார்த்து எண்ணிக்கையைக் கூட்டிவிட வேண்டாம். ஒமேகா-3 கொழுப்பான டி.எச்.ஏ.வைத் தொழிற்சாலையில் வளர்த்தெடுப்பது இந்தக் கூட்டத்தின் ஸ்கைசோகைட்ரியத்திலிருந்துதான். சோடியம் இல்லாமல் இவை வளராது. ஊருணித் தண்ணீரில் இதே இலையைப் போட்டு வைத்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். விழுந்த இலையில் சில மணி நேரத்துக்குள் முதலில் குடியேறுவது ஹாலோஃபைட்டாஃப்தொரா, உப்பு தாங்கும் ஊமைசீட். 1845-ல் அயர்லாந்தின் உருளைக்கிழங்கை அழித்த ஃபைட்டாஃப்தொராவின் கடல்வழி உறவு.

காற்று பலமாக அடித்த மறுநாள் தனுஷ்கோடி மணலில் நுரை ஒதுங்கியிருக்கும். மணல் அள்ளாமல் நுரையை மட்டும் கரண்டியில் வழித்து ஒரு புட்டியில் போட்டு, ஒரு மணி நேரம் படியவிட்டு, அடியிலிருந்து ஒரு சொட்டு 40 லென்ஸில் பாருங்கள். கதிர் போன்ற உடல், இரண்டு நுனியிலும் முள், நடுவில் உரித்த தோல் போல் இழைகள் பிரிந்து நிற்கிற வித்து கிடைத்தால் அது கொரோலோஸ்போரா, மணல்துகள்மேல் வாழும் அசல் கடல் பூஞ்சை. இதற்கு நீந்தும் வால் கிடையாது. அந்த முள்ளும் இழையும் நுரையில் சிக்கிக்கொள்ளத்தான் உதவுகின்றன. சாயம் ஏற்றாமலே அழகாகத் தெரியும்.

கருக்கு மட்டையில் ஓடும் கூழ்

சளிப்பூஞ்சைக்கு இரை தனியாக வேண்டாம்; அது குடியிருக்கும் பொருளுக்கு ஈரம் கொடுத்தால் போதும். மரத்தில் காய்ந்து தொங்கும் பனை மட்டையின் அடிப்பாகம், வேப்பம்பட்டை, உடைமரப் பட்டை. தரையில் கிடந்ததை விட மரத்திலிருக்கும் காய்ந்த பட்டை நல்லது, அசல் பூஞ்சை குறைவாக இருக்கும். காகித உறையில் கொண்டுவாருங்கள். பிளாஸ்டிக் பையில் வியர்த்து வழியிலேயே பூசணம் ஏறிவிடும்.

அகலமான டப்பாவில் டிஷ்யூ தாள் விரித்து, துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பி, பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரை மூழ்க விடுங்கள். 24 மணி கழித்து வடித்துவிட்டு மூடி, வெயில் படாத வெளிச்சத்தில் வையுங்கள். இரண்டாம் நாள், நாலாம் நாள், பிறகு வாரம் இருமுறை பத்து மடங்கு லென்ஸால் ஒவ்வொரு துண்டையும் திருப்பாமல் பார்க்க வேண்டும். இரண்டு மாதம் வரைகூட புதிதாக வரும். வெப்பமண்டலத்தில் இப்படி அதிகம் வருவது ஆர்சிரியா சினெரியா: சாம்பல் நிறத்தில், காம்போடு, ஓரிரு மில்லிமீட்டர் உயரத்தில் தீக்குச்சிக் கூட்டம் போல.

கூழ் நிலை கண்ணில் பட்டால், ஒரு துளியைச் சத்தில்லாத 1.5 சதவீத அகாரில் வைத்து ஓட்ஸ் ஒரு பருக்கை போடுங்கள். விசிறி போல் விரிந்து, நரம்பு நரம்பாகப் பின்னும். ஒரு நரம்பை 10 லென்ஸில் நிறுத்திப் பார்த்தால் உள்ளே துகள்கள் ஒரு பக்கமாக ஓடும், ஒரு நிமிடம் போல ஓடித் தளரும், நிற்கும், பிறகு வந்த வழியே திரும்பும். பூஞ்சை இழையில் இந்தப் போக்குவரத்து கிடையாது. சாப்பாட்டு முறையும் வேறு. பூஞ்சை நொதியை வெளியே விட்டுச் செரித்துச் சாற்றை உறிஞ்சும். சளிப்பூஞ்சை பாக்டீரியாவை விழுங்கி உள்ளே செரிக்கும். 2000-ல் ஜப்பானில் ஆய்வாளர்கள் ஃபைசாரம் என்ற சளிப்பூஞ்சையைப் புதிர்ப்பாதையின் இரண்டு முனையில் ஓட்ஸ் வைத்து விட்டபோது அது குறுகிய வழியில் மட்டும் நரம்பை மிச்சம் வைத்ததும் இந்த ஓட்டத்தின் வேலைதான்.

டப்பாவில் வெள்ளைப் பஞ்சு எல்லாவற்றையும் மூடினால் தண்ணீர் தேங்கியிருக்கிறது என்று அர்த்தம். வடித்து, ஒரு மணி நேரம் மூடியைச் சாய்த்து வையுங்கள். நேற்று இருந்த தலைகள் இன்று காம்பு மட்டுமாக நின்றால் உண்ணிகளோ சிறு பூச்சிகளோ தின்றிருக்கும். முதிர்ந்தவுடன் பட்டைத்துண்டோடு வெட்டி எடுத்து உலர்த்தி, தீப்பெட்டியில் ஒட்டி வைப்பது ஒன்றே வழி.

கருவாடு: உப்புக்கு அஞ்சாத பூஞ்சை

கடையில் இரண்டு வாங்குங்கள்: உப்பில்லாமல் வெயிலில் காய்ந்த நெத்திலி, உப்பிட்ட கட்டாக் கருவாடு. மழைக்கால ஈரத்தில் இரண்டிலும் புள்ளி விழும். நெத்திலியில் பச்சை, கறுப்பு. கட்டாவில் காப்பித்தூள் பழுப்பு, சில சமயம் இளஞ்சிவப்பு.

தட்டுக்கு: 200 கிராம் உருளைக்கிழங்கு வேகவைத்த தண்ணீர், குளுக்கோஸ் 20 கிராம், கடல்பாசி, மொத்தம் ஒரு லிட்டர். பாதியை அப்படியேயும், மறுபாதியில் 50 கிராம் உப்பு சேர்த்தும், முதல் விசிலுக்குப் பிறகு சிறு தீயில் 25 நிமிடம். பாக்டீரியாவை அடக்க எலுமிச்சைச் சாறு சேர்க்கிறவர்கள் காய்ச்சி வடிகட்டிய சாற்றை, அகார் கை பொறுக்கும் சூட்டுக்கு இறங்கிய பிறகே சேர்க்க வேண்டும். புளிப்போடு குக்கரில் வைத்தால் அகார் உடைந்து கஞ்சியாகவே நிற்கும்.

கட்டாவின் பழுப்புப் புள்ளியை ஊசிநுனியில் தொட்டு இரண்டு தட்டிலும் வையுங்கள். உப்பில்லாத தட்டில் காற்றில் வந்த ஆஸ்பெர்ஜில்லஸ் மூன்று நாளில் மூடிவிடும், பழுப்பு காணாமல் போகும். உப்புத் தட்டில் பொறுமை வேண்டும்: பத்துப் பதினைந்து நாளில் பொத்தான் அளவு பழுப்பு வட்டம். அது வாலேமியா. மெலிசான, குறுக்குச் சுவருள்ள இழை, 3 மைக்ரான் வாக்கில் வித்துகள் நாலு நாலாக. ஆச்சரியமான செய்தி, இது காளான்கள் இருக்கும் பசிடியோமைசீட் பிரிவைச் சேர்ந்தது. உப்பு கரையாமல் அடியில் தங்குகிற அளவு செறிந்த நீரில் உயிர்களுக்குக் கிடைக்கும் நீரின் அளவு (தூய நீருக்கு 1 என்று வைத்தால்) 0.75, பெரும்பாலான பாக்டீரியாவுக்கு அங்கே வாழ்வில்லை, வாலேமியா அதற்கும் கீழே வளரும். அதனால் இன்னும் கொஞ்சம் உப்புத் தூவினால் பழுப்புப் புள்ளி போய்விடும் என்று எண்ண வேண்டாம். நன்றாகக் காயவைத்து, ஈரக்காற்று படாமல் கட்டி வைப்பதுதான் தடுக்கும்.

இளஞ்சிவப்பு வேறு கதை. அதைச் சாதாரணத் தண்ணீரில் ஸ்லைடு போட்டால் ஒன்றுமே தெரியாது. அவை உப்பளத்து உப்போடு வரும் ஆர்க்கியா, பாக்டீரியா போலத் தெரியும் தனி வகை ஒற்றைச்செல் உயிர்கள். நல்ல தண்ணீர் பட்டதும் பல வகைகளின் செல் வெடித்துவிடும். 100 மில்லியில் 25 கிராம் உப்புக் கரைத்த நீரில் ஸ்லைடு போடுங்கள். சிறு கோல்களும் புள்ளிகளும் தெரியும், இழை இராது. பூசணம் என்று நாம் சொன்னாலும் பூஞ்சையும் கிடையாது, ஊமைசீட்டும் கிடையாது.

நெத்திலியில் மஞ்சள் கலந்த பச்சை வந்தால் ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸாக இருக்கலாம். மிளகாய் வற்றலிலும் நிலக்கடலையிலும் அஃப்ளாடாக்சின் நஞ்சைச் சேர்ப்பது அதுவே. கழுவினாலும் பொரித்தாலும் அந்த நஞ்சு அழியாது. அந்தக் கருவாட்டைப் பூனைக்கும் போடாதீர்கள். அந்தத் தட்டை முளைத்த பிறகு திறக்காதீர்கள். டேப் ஒட்டி வெளியிலிருந்தே லென்ஸில் பார்க்கலாம். இழைப்பு (ஆஸ்துமா) உள்ளவர்கள் இந்தப் பகுதியை விட்டுவிடலாம்.

முடித்த தட்டுகளை மூடியோடு குக்கரில் 30 நிமிடம் வேகவைத்துப் பிறகு குப்பையில் போடுங்கள். கண்ணாடிக் கிண்ணங்களை பிளீச்சிங் பவுடர் கரைசலில் ஒரு மணி நேரம் ஊறவைத்துக் கழுவ வேண்டும். கழுவிய நீரை ஊருணிப் பக்கம் ஊற்ற வேண்டாம். நல்ல அக்லியா கிடைத்திருந்தால் அதை மட்டும் வைத்துக்கொள்ளலாம்: காய்ச்சி ஆறிய தண்ணீர் 10 மில்லி உள்ள சிறு புட்டியில் வேகவைத்த எள்ளு ஒன்று, மேலே வளர்ந்த இழையில் ஒரு துணுக்கு, மூடி லேசாகத் தளர்த்தி, நிழலில். ஆறு வாரத்துக்கு ஒருமுறை புது எள்ளுக்கு மாற்றினால் அடுத்த மழைக்காலம் வரை உயிரோடு இருக்கும்.